இரண்டு தட்டு

அய்யாவு மாமா பலகையைத் தட்டாமல் ஏழாங்கட்டைத் தோட்டத்து லாரி நகராது. ரெங்கம் ஸ்டேஷன் கூட்ஸ் மேடையில் அரிசி மூட்டை ஏறினாலும் சரி, ஆசிட் ஜாடி ஏறினாலும் சரி, இரும்புத் தூண் ஏறினாலும் சரி, கட்டெல்லாம் முடிந்தபின் அவர் வண்டியை ஒரு முறை சுற்றி வருவார். ஒவ்வொரு கட்டிலும் கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். அப்புறம் பின்பலகையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. கொஞ்சம் நின்று, இன்னொரு தட்டு. முன்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. அந்த இரண்டு தட்டு காதில் விழுந்தால்தான் வண்டியை எடுப்பார்.

நடுவில் எதற்கு அந்த இடைவெளி என்று ஒரு நாள் கேட்டேன்.

"மொதத் தட்டுல எதுனா ஆடுதான்னு காதால கேப்பேன் மாப்ள. ஆடலேன்னாத்தான் ரெண்டாவது."

இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தோட்டத்துத் துரைமார்களின் படங்களைக் கிளப்புகளில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய கங்காணிகளுக்குக் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. மாமாவுக்கு நான் எழுதுகிறேன். ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கீழ் லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் பிறந்து பி.ஏ. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். என் அப்பா இன்றைக்கும் கட்டைவிரலை மையில் தோய்க்கிறவர். நான் என் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போடுகிறேன். அந்தப் படிப்பைக் கொண்டு ஊரில் நான் செய்த முதல் காரியம் மாமாவுக்கு ஒரு காகிதத்தைப் படித்துச் சொன்னது. அதைச் செய்யாமலே இருந்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது.

மாமா நாகப்பட்டினத்துப் பக்கம். 1912இல் கப்பலேறி வந்தவர் தோட்டத்துக்கு வரவில்லை; சிங்கப்பூர்த் துறைமுகத்திலேயே தங்கிவிட்டார். கப்பலின் அடித்தளத்தில் சரக்கு நகராமல் கட்டுகிற கூட்டத்தில் ஒன்பது வருடம் இருந்தார். கடலில் கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உள்ளே இருக்கிற ரயில் தண்டவாளம் ஓர் அங்குலம் அசையக்கூடாது. அசைந்தால் கப்பலே கவிழும். அந்த வேலையில் வளர்ந்த கை அது. அங்கம்மா அத்தையைக் கட்டிக்கொண்ட பிறகு, அத்தையின் அண்ணனான என் அப்பா இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால்வெட்டுத்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் ஸ்டேஷனில் லாரியிலிருந்து இரும்புத் தொட்டி சரிந்து, துரை நூலிழையில் தப்பினார். மாமா போய் அதைத் திரும்ப ஏற்றிக் கட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவர் தோட்டத்தின் கட்டுக்காரர்.

தோட்டத்தில் அதன் அர்த்தம் வெளியாருக்குத் தெரியாது. தோட்டத்து ஆள் ஒவ்வொருவரும் யாராவது ஒரு கங்காணியின் ஆள். கங்காணி சொன்ன லயத்தில் படுக்கவேண்டும், கங்காணி காட்டிய மரத்தை வெட்டவேண்டும். மாமா ஒருவர்தான் எந்தக் கங்காணிக்கும் கீழே இல்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அவர் தனியாக ஓரத்தில் நிற்பார். கடைசியில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி "கட்டு அய்யாவு" என்று கூப்பிடுவார். "இருக்கேன் சார்" என்று மாமா பதில் சொல்லும்போது பெரிய கங்காணி வையாபுரி வெற்றிலையைத் துப்புவார். கீழ் லயத்து ஆள் ஒருவன் தன் கைக்கு வெளியே நிற்கிறானே என்ற எரிச்சல் அவருக்கு. கீழ் லயம் என்றால், மாரியம்மன் கோயில் வாசலில் கட்டியிருக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடுகிறவர்கள். நாங்கள்.

1927இல் ரப்பர்ப் பால் பதப்படுத்துகிற ஸ்டோருக்குப் புது எஞ்சின் வந்தது. நான் அப்போது குளுவாங்கில் படித்துக்கொண்டிருந்தேன், நேரில் பார்க்கவில்லை. மாமாவிடமும் அத்தையிடமும், உடன் நின்ற பத்துப் பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து கூட்ஸ் வண்டியில் வந்த எஞ்சின் மூன்றரை டன். லாரி தாங்காது என்று, லாரிக்குப் பின்னால் பூட்டுகிற நாலு சக்கர வண்டியில் ஏற்றினார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் வால்வண்டி. மாமா ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். எஞ்சினின் பாரம் சக்கரங்களுக்கு நடுவில், ஒரு சாண் முன்னால் தள்ளி உட்கார வேண்டும் என்று மூன்று முறை இறக்கி ஏற்றினார். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும் என்று அடியில் ரயில்பாதைச் சிலிப்பர் பலகை. அடித்தட்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண் போட்டுத் தேய்த்தெடுத்தார். நாலு மூலையிலும் நாலு சங்கிலி, எதிரெதிராக இழுத்து. ஒவ்வொன்றையும் தடிக்கட்டை விட்டு முறுக்கி, சங்கிலி படும் இடமெல்லாம் மடித்த சாக்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு மர ஆப்பு. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் டிரைவர் லெட்சுமணன் லாரியை எடுத்தான். முதல் மைல் கல்லில் நிறுத்தச் சொல்லி, தளர்ந்திருந்த ஒரு சங்கிலியை மாமா மறுபடி முறுக்கினார். அப்புறம் ஏழாவது கல் வரைக்கும் எஞ்சின் ஒரு பொட்டு நகரவில்லை.

தோட்டத்து வாசலில் வாழை மரம் கட்டித் தோரணம் போட்டிருந்தார்கள். மேளம் தயாராக நின்றது. எங்கள் தோட்டத்தில் அது வழக்கம். புது மெஷின் எது வந்தாலும் எல்லையில் நிறுத்திப் பூசை போட்டு, சாமியை அழைத்துப் போவது போல உள்ளே அழைத்துப் போவார்கள். வாசலிலிருந்து ஸ்டோர் அரை மைல். முழுக்க இறக்கம், இரண்டு வளைவு, செம்மண் பாதை. முந்தின நாள் மழை பெய்திருந்தது.

வையாபுரிக் கங்காணி பட்டு வேட்டியோடு வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னடா இது, கைதிய ஏத்தியாந்த மாதிரி? வெலங்கு மாட்டியா சாமிய உள்ள கொண்டாருவ?"

"சாமி இல்லீங்கய்யா, எஞ்சின்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் தனக்கு வினையாக வந்தது என்று மாமா சொல்வார். கங்காணியை வைத்துக்கொண்டு கூட்டம் சிரிக்கக் கூடாது.

"பூசை போட்டா சாமிதான்டா. எடு சங்கிலிய. பொட்டு வைக்கணும், மாலை போடணும்."

"ஐயா, இதுக்கு மேல எறக்கம். மண்ணு வேற ஈரமாக் கெடக்கு. பூசைக்குக் கழட்டுறேன். முடிஞ்சதும் நானே திருப்பி மாட்டிக்கிறேன். உத்தரவு குடுங்க."

"சரி சரி, மாட்டிக்க. யாரு வேணாங்கறா."

மாமா நாலு சங்கிலியையும் கழற்றினார். கழற்றியது அவர்தான். அதை அவர் ஒரு நாளும் மறைத்ததில்லை. பாதையோரம் வரிசையாக, எது எந்த மூலைக்கு என்று குழம்பாதபடி போட்டு வைத்தார்.

பூசை நடந்தது. எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. பூசாரி வால்வண்டி மேலேறிக் கற்பூரத் தட்டை வைக்கப் பார்த்தார். தட்டு சாய்ந்தது. அதற்கு அண்டை கொடுக்க முன்பக்கத்து ஆப்பு ஒன்றைப் பிடுங்கித் தட்டுக்கு அடியில் வைத்தார். கற்பூரம் எரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமா கயிற்றுக்கு வெளியே நிற்பது போலப் பத்தடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, முதல் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எட்ட நில்லுடா!" என்றார் கங்காணி. "கற்பூரம் காட்டியாச்சு, கண்ணு தெரியல? கீழ் லயத்துக் கை இனிமே அது மேல படலாமா?"

"நீங்கதானய்யா மாட்டிக்கச் சொன்னீங்க."

"அப்ப அது எஞ்சின்னு நீதானே சொன்ன. இப்ப சாமி."

இந்தத் தடவை கூட்டம் கங்காணியோடு சேர்ந்து சிரித்தது.

"சரிங்கய்யா, நான் தொடல. உங்காளுங்களே மாட்டட்டும். நான் தள்ளி நின்னு சொல்றேன்."

"சேத்துல கெடந்த சங்கிலிய சாமி மேல போடச் சொல்றியா?"

மேல் லயத்து ஆட்கள் இரண்டு பேர் கோயிலிலிருந்து தேர் இழுக்கிற வடத்தைக் கொண்டு வந்தார்கள். புது வடம், மஞ்சள் தடவியது. எஞ்சினின் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி அழகாக ஒரு முடிச்சுப் போட்டார்கள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இடுப்புக்கு அரைஞாண் கட்டினாப்ல இருக்குங்களே. கால யாரும் கட்டலியே."

"அய்யாவுக்கு எஞ்சினுக்குக் கோவணமும் கட்டணுமாம்!" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

கிராணி சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். குடை பிடித்தபடி சட்டைப்பை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "துரை ஸ்டோரிலை பாத்துக்கொண்டு நிக்கிறார். கெதியா முடியுங்கோ" என்றார். அவருக்கு அவ்வளவுதான்.

மாமா முன்னால் ஓடினார். லெட்சுமணன் டிரைவர் சீட்டில் இருந்தான்.

"லெட்சுமணா, நான் தட்டாம எடுக்காத. கட்டு கட்டே இல்ல. கிராணியய்யாகிட்ட இன்னொரு தடவ சொல்லிப் பாக்குறேன்."

"நீ தட்டாம என்னிக்கு எடுத்திருக்கேன் அய்யாவண்ணே, போ."

மாமா திரும்பி நடந்தார். லாரியின் பின்சக்கரம் வரைக்கும் வந்திருப்பார். பின்னாலிருந்து பலகையில் இரண்டு தட்டு விழுந்தது. தடதட என்று, நடுவில் மூச்சே இல்லாமல். மாமாவின் கண்ணெதிரே சக்கரம் உருண்டது.

மேளமும் பெண்களும் முன்னால் நடந்ததால் லாரி நடை வேகத்தில்தான் போயிற்று. தாம்பாளம் ஏந்திய பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி வால்வண்டியின் இடப்பக்கம் நடந்து வந்தார்கள். மாமா பின்னால் ஓடினார். பூசாரி கீழே எறிந்துவிட்டுப் போன ஆப்பு பாதையில் கிடந்தது. ஒரு பக்கம் கற்பூரக் கரி. அதை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் வளைவில் ஒன்றும் ஆகவில்லை. மாலை மட்டும் ஆடியது. இரண்டாவது வளைவில் வால்வண்டியின் இடது சக்கரம் ஈர மண்ணில் இறங்கியது. புது வடம் இழுபட்டு நீண்டது. எஞ்சின் பலகை மேல் முனகிக்கொண்டே முன்னால் நகர்ந்து இடப்பக்கம் திரும்பியது. அதன் பெரிய சக்கரம் வால்வண்டி ஓரத்து இரும்புத் தூணில் மோதியது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் அந்தப் பெண்கள் மேல் விழும்.

மாமா வண்டியோரமாக ஓடிப் போய் ஆப்பை எஞ்சினின் அடித்தட்டுக்குக் கீழே கொடுத்தார். அடிக்கச் சுத்தியல் இல்லை. கையால் திணித்தார். ஆப்பு முழுக்க உள்ளே போகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. ஆப்பு போயிற்று, எஞ்சின் நின்றது. கை உள்ளேயே இருந்தது.

லெட்சுமணன் லாரியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்துவிட்டு ஜாக்கி எடுத்து வர ஸ்டோருக்கு ஓடினான். அவன் வரும்வரை மாமா எஞ்சினில் சாய்ந்தபடி நின்றார். ரோஜா மாலை அவர் முகத்தில் உரசிக்கொண்டிருந்ததாம். அத்தை பின்னாலிருந்து ஓடிவந்து பிடித்துக்கொள்ளும்வரை ஒருவரும் கிட்டே வரவில்லை. தாம்பாளம் ஏந்திய பெண்களில் ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்:

"ஐயோ, தொட்டுட்டானே."

வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்தில் எஞ்சினுக்கு மஞ்சள் நீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்கள். மாமா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அவர் திரும்பி வந்ததும் ஆபீசில் விசாரணை நடந்தது. துரைக்குத் தமிழ் அரைகுறை, மாமாவுக்கு இங்கிலீஷ் கிடையாது. நடுவில் சிவசம்பு கிராணி. சங்கிலியைக் கழற்றியது யார் என்று துரை கேட்டார். "நான்தான்" என்று மாமா சொன்னார். பிறகு நடந்தது முழுவதையும் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். கிராணி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு துரையிடம் ஒரே வரியில் சொன்னார். மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் சொன்னதெல்லாம் சொல்லிட்டீங்களா சார்?"

"ஓம் ஓம், எல்லாம் சொல்லியாச்சு. விபத்து எண்டுதான் எழுதியிருக்கு. ஒருத்தரிலையும் பிழையில்லை. இஞ்ச, இதிலை விரலை வையும்."

மாமா இடது கைக் கட்டைவிரலை வைத்தார். தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. ஒரு கையால் கட்ட முடியாது, பால் வெட்டவும் முடியாது என்று அந்த மாதமே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். மாமாவும் அத்தையும் ரெங்கத்துக்கு வந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் குடியேறினார்கள். அத்தை இரண்டு மாடு வைத்து ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பால் ஊற்றினாள். மாமா புல் அறுப்பார், இடது கையால்.

எட்டு வருடம் அப்படி ஓடியது. தினமும் காலையில் கூட்ஸ் மேடைக்குப் போய் நின்று, போகிற வருகிற லாரிகளின் கட்டை வேடிக்கை பார்ப்பார். வேடிக்கை பார்ப்பதோடு நிற்காது. "வலது பக்கம் தொங்குது", "அந்த முடிச்சு மழையில இறுகும், வெயில்ல அவுந்துரும்" என்று சொல்லுவார். சிலர் கேட்பார்கள். சிலர், "உன் கட்டு லட்சணம் உன் கையிலயே தெரியுதே" என்பார்கள். அப்போதெல்லாம் மாமா கோபப்பட மாட்டார்.

"என் மேல தப்பில்லேன்னு தொரையே எழுதிக் குடுத்திருக்காரு. பெட்டியில இருக்கு, வந்து பாரு."

ஒருவரும் வந்து பார்த்ததில்லை. வந்தாலும் அதைப் படிக்க யாருக்குத் தெரியும்?

1935இல் நான் சென்னையில் படிப்பை முடித்துக்கொண்டு திரும்பினேன். ஸ்டேஷனில் இறங்கியதும் அப்பாவுக்கு முன்னால் மாமாதான் என் பெட்டியைத் தூக்கினார். அது அவருக்குச் சாதாரண உபசாரம் இல்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

லிம் தவுக்கே ரெங்கத்தில் ஆறு லாரி வைத்து ஓட்டுகிற சீன முதலாளி. அவருடைய வண்டி ஒன்று யோங் பெங் போகிற சடக்கில் ஏற்றியிருந்த மரம் சரிந்து கவிழ்ந்துபோய், கட்டுகளை மேற்பார்வை பார்க்க ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். மேடையில் மாமா சொல்வதைப் பல நாள் கவனித்திருக்கிறார்.

"'தங்ஙான் தடா, மாத்தா அடா'ங்கறாரு மாப்ள. கை இல்லாட்டி என்ன, கண்ணு இருக்கேன்னு!" மாமாவின் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ஆனா தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு காகிதம் கேக்குறாரு. திங்கக்கெழம கொண்டாரச் சொன்னாரு. அவரு மகன் இங்கிலீசு படிச்சவன், அவன் படிப்பான். அதுக்கு முன்னால நீ ஒரு தரம் படிச்சுச் சொல்லிரு."

அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை விட்டுவிட்டு வந்தாள். "சத்தமாப் படி தம்பி. இந்தக் காகிதத்துக்கு வருசா வருசம் வேப்பிலை போட்டுப் பூச்சி அரிக்காமக் காத்திருக்கேன்." கீழ் லயத்து உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். பி.ஏ. படித்த பையன் இங்கிலீஷ் படிப்பதைக் கேட்க வந்தவர்கள் அவர்கள். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். கூச்சப்பட்டு மறைப்பானேன், எனக்கும் அது ஒரு பெருமையான நேரமாகத்தான் தொடங்கியது.

முதல் பத்தியை மனதுக்குள் படித்ததும் கடைசி வரி வரைக்கும் கண்ணை ஓட்டினேன்.

எஞ்சினின் பெரிய சக்கரத்தில் ஒன்பது அங்குல விரிசல். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பற்றுவைக்க முடியுமா என்று பதினொரு வரி. பிறகு இது: 'கட்டுக் கூலி அய்யாவு உத்தரவில்லாமல் சங்கிலிகளைக் கழற்றி, சரிவில் வண்டியை எடுக்கும்படி தானே பலகையைத் தட்டிச் சைகை கொடுத்தான். டிரைவர் லெட்சுமணன் இதை உறுதிப்படுத்துகிறான். சேதத்துக்கு மேற்படி கூலியே பொறுப்பு.' கடைசியில் அரை வரி: 'மேற்படி கூலிக்கு வலது கையில் காயம்.'

கீழே மாமாவின் இடது கட்டைவிரல் ரேகை. அழகாகப் பதிந்திருந்தது.

வேறு மாதிரி படித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, திங்கட்கிழமை வரைக்கும். ஆனால் சிவசம்பு கிராணி செய்ததும் அதுதானே? தெரிந்த எழுத்தைத் தெரியாதவனிடம் மாற்றிச் சொன்னது. நான் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். தமிழில் வரிவரியாகச் சொன்னேன்.

வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாமா கேட்டார்.

"தட்டுனது நானுன்னா போட்டிருக்கு?"

"ஆமா மாமா."

"சங்கிலிய நான்தான் கழட்டுனேன். அத எழுதட்டும். உத்தரவில்லாமன்னாலும் எழுதிட்டுப் போகட்டும், அது அவன் பொய்யி. ஆனா மாப்ள, தட்டல நான். அந்தக் கட்டுக்கு நான் தட்டுவனா?"

அத்தை பால் செம்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எட்டு வருசம் பெட்டியில வச்சுப் பூசை பண்ணுனியே. நல்ல சாமி."

நான்தான் யோசனை சொன்னேன். படித்தவன் கையில் யோசனைக்குப் பஞ்சமில்லை. லெட்சுமணன் உள்ளதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால், அதைத் துரைக்கு ஒரு மனுவாக அனுப்பலாம். பிரதியைத் தவுக்கேயிடம் காட்டலாம். 'இரண்டு தட்டும் அய்யாவு தட்டியதல்ல. அவர் அப்போது லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில் நடந்துகொண்டிருந்தார்.' இங்கிலீஷில் நாலே வரி. இப்போது படித்தாலும் அதில் ஒரு பிழை கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்து லாரி ஸ்டேஷனுக்கு வந்தது. அதே வால்வண்டி. கித்தாப் பால் பிழிகிற மெஷினுக்குப் புது இரும்பு உருளை ஒன்று வந்திருந்தது; அதையும் முப்பது மூட்டை அரிசியையும் ஏற்றினார்கள். மூட்டைகள் மேல் களையெடுக்கிற பெண்கள் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். லெட்சுமணனுக்குத் தலை நரைத்திருந்தது.

"வாங்கண்ணே, அய்யாவண்ணே! தம்பி படிப்ப முடிச்சு வந்துட்டாராமே?"

"ஆமா. வந்து காகிதத்தப் படிச்சுட்டாரு," என்றார் மாமா. "நான் தட்டுனேன்னு நீ சொன்னியாம்."

லெட்சுமணன் கையிலிருந்த துணியால் லாரியின் மூக்கைத் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"கிராணி எழுதினாரு. நான் கையெழுத்துப் போட்டேன்."

"உங்கிட்ட பேசிட்டுத் திரும்பிப் பின்சக்கரத்துக்கிட்ட வந்துருக்கேன். அங்கேருந்து வால்வண்டிப் பின்பலகைக்கு எட்ட எனக்கு என்ன பத்து மொழக் கையா?"

"தெரியும்ணே. ஒன் தட்டுக்கு நடுவுல ஒரு மூச்சு இருக்கும். அதுல இல்ல."

"தெரிஞ்சுமா எடுத்த?"

"தட்டுனது யாருன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். எடுக்காம இருந்திருந்தா நான் எங்க இருந்திருப்பேன்?"

நான் காகிதத்தை நீட்டினேன். இதை மட்டும் எழுதியிருக்கிறேன், கங்காணியின் பெயர்கூட இதில் இல்லை என்றேன். அவன் அதைத் தொடவில்லை.

"தம்பி, நீங்க பி.ஏ. படிச்சவங்க. நீங்க எங்க போனாலும் நாற்காலி போடுவாங்க. வையாபுரிக் கங்காணி இன்னும் சாகல. அவரு போனப்புறம் கொண்டாங்க, ரெண்டு கையெழுத்தாப் போடுறேன்."

"அவரு போனப்புறம் எனக்கு எதுக்குடா?" என்றார் மாமா. கேள்விகூட அதிர்ந்து வரவில்லை.

லெட்சுமணன் மேலே ஏறப் போனான். மாமாவின் கண் வால்வண்டிப் பக்கம் போயிற்று. போகாமல் இருக்காது.

"எறங்கு."

"என்னண்ணே?"

"உருளைக்கு அண்டை எங்க? உருளுற சாமானுக்கு ரெண்டு பக்கமும் ஆப்பு வேணுமா வேணாமா? சங்கிலிக்கு அடியில சாக்கு இல்ல. மேல ரெண்டு பொம்பளைங்க ஒக்காந்திருக்காங்க, கண்ணு தெரியல?"

லெட்சுமணன் இறங்கினான். மாமா சொல்லச் சொல்லச் சங்கிலியை அவிழ்த்துச் சாக்கை மடித்து வைத்து, மறுபடி போட்டான். ஸ்டேஷன் கொட்டகையிலிருந்து நாலு ஆப்பு கொண்டுவந்து அடித்தான். "இன்னும் ஒரு முறுக்கு. அவ்வளவுதான். அந்தக் கட்டையக் கயித்தால கட்டு, சுத்தி வந்துரும்." மாமா வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். ஒவ்வொரு கட்டிலும் இடது கையை வைத்து அழுத்தினார்.

லெட்சுமணன் ஏறி உட்கார்ந்தான். அவனுடைய ஆள் முன்னால் கம்பியைச் சுழற்றினான். லாரி உறுமிக்கொண்டு நின்றது.

மாமா பின்பலகையைத் தாண்டி நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். இடது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

லாரி நகரவில்லை. லெட்சுமணன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான்.

"அய்யாவண்ணே!"

மாமா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டை மேல் இருந்த பெண் ஒருத்தி, "தட்டுங்கண்ணே, வெயிலு மண்டையப் பொளக்குது" என்றாள்.

"கட்டு சரியா இருக்கும்மா, பயப்படாத," என்றார் மாமா. பிறகு முன்பக்கம் கேட்கிற மாதிரி, "தட்டுறவங்களப் போயிக் கூட்டியாந்து தட்டச் சொல்லு."

லெட்சுமணனின் தலை உள்ளே போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் லாரி அப்படியே நின்று புகைந்தது. அப்புறம் தட்டு இல்லாமலே கிளம்பிச் சடக்கில் ஏறியது. வளைவு திரும்பும்வரை மாமா பார்த்தார். உருளை அசையவில்லை.

திங்கட்கிழமை தவுக்கே ஆள் அனுப்பிக் கேட்டார். மாமா புல்லறுக்கப் போயிருப்பதாக அத்தை சொல்லியனுப்பினாள். அந்தக் காகிதத்தையும் என் நாலு வரியையும் மாமா என்னிடமே கொடுத்துவிட்டார். "ஒங்கிட்ட இருக்கட்டும். இனி வேப்பிலை வைக்க ஆள் இல்ல" என்றார். இரண்டும் என் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் அவர் ரேகை இருக்கிறது. இன்னொன்றில் கையெழுத்துப் போட விட்ட இடம் அப்படியே இருக்கிறது.